பூத மந்திர கிளாஸ் எழுதுகிறவர்களுக்கு: கேள்வி பதில்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேஜைக் கதையாட்டத்தின் ஐந்தாம் பதிப்புக்குச் சொந்தமாக ஒரு பூத மந்திர கிளாஸ், அதாவது நெருப்பு, நீர் போன்ற பூதங்களை ஆளும் பாத்திர வகை, எழுத முயல்கிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. 2014 விதிகளை வைத்தே பதில் சொல்கிறேன். இதே வகையில் மூன்று கிளாஸ் எழுதி, மூன்றையும் மேஜையில் ஆடிப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: நெருப்பு, நீர், நிலம், காற்று நான்குக்கும் தலா 20 ஸ்பெல் (மந்திரம்) எழுதிவிட்டேன். அடுத்து என்ன?

பதில்: அந்தப் பட்டியலை ஓரமாக வையுங்கள். ஒவ்வொரு பூதத்துக்கும் முதலில் ஒரு வினைச்சொல் வேண்டும். நெருப்பு பரவும், நீர் இழுக்கும், நிலம் தடுக்கும், காற்று தள்ளும். நெருப்பை எடுத்துவிட்டுப் பனியைப் போட்டாலும் அதே 8டி6 (எட்டு ஆறுமுகப் பகடைகளின் கூட்டு), அதே 20 அடி வட்டம் என்றால் நீங்கள் மாற்றியது நிறத்தை மட்டும்தான்.

விதிநூலிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. ஃபயர் போல்ட் என்ற ஸ்பெல் டி10 அடிக்கும். ரே ஆஃப் ஃப்ராஸ்ட் டி8தான், ஆனால் அடிபட்டவரின் வேகம் 10 அடி குறையும். ஷாக்கிங் கிராஸ்ப்பும் டி8தான், அடிபட்டவர் தன் அடுத்த டர்ன் வரை ரியாக்‌ஷன் எடுக்க முடியாது, அதாவது பிறர் முறையில் எதிர்வினை செய்ய முடியாது. டி10, டி8 இரண்டுக்கும் சராசரியில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். அந்த ஒரு புள்ளியை விட்டுக்கொடுத்து ஒரு குணத்தை வாங்கியிருக்கிறார்கள். இந்தப் பேரத்தை 80 ஸ்பெல்லுக்கும் ஒழுங்காகச் செய்ய யாராலும் முடியாது. 12 ஸ்பெல்லுக்குச் செய்யுங்கள், போதும்.

கேள்வி: என் கிளாஸ் 5ஆம் லெவலில் செலவே இல்லாமல் ஒவ்வொரு டர்னும் 4டி8 அடிக்கும். விசார்டுக்கு (மந்திரவாதி கிளாஸ்) உள்ள ஸ்பெல் ஸ்லாட்டுகளும் (ஸ்பெல் போடும் தடவைகள்) உண்டு. எங்கள் டிஎம் (ஆட்டத்தை நடத்துகிறவர்) ஏற்க மறுக்கிறார். அவ்வளவு அதிகமா?

பதில்: அதிகம்தான். வலிமை 18 உள்ள 5ஆம் லெவல் ஃபைட்டர் கிரேட்ஸ்வோர்டால் இரண்டு முறை வெட்டி, இரண்டும் பட்டால் சராசரி 22. வார்லாக் என்ற மந்திர கிளாஸின் எல்ட்ரிட்ச் பிளாஸ்ட் ஸ்பெல், அதன் அடியைக் கூட்டும் அகோனைசிங் பிளாஸ்ட் சேர்த்து, இரண்டு கதிரும் பட்டால் 19. விசார்டின் ஃபயர் போல்ட் 11. உங்களுடையது 18. இந்த எண்ணைத் தனியாகப் பார்த்தால் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த லெவலில் வார்லாக்குக்கு இரண்டே ஸ்லாட், விசார்டுக்கு ஒன்பது. வார்லாக்கின் கையையும் விசார்டின் பையையும் ஒரே ஆளுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். ஏதாவது ஒன்றை விடுங்கள்.

எல்லோருக்குமாகச் சொல்கிறேன்: 5ஆம் லெவலில் கணக்குப் போட்டுப் பார்க்காமல் 20ஆம் லெவல் சக்தியை எழுத உட்காராதீர்கள். எக்ஸ்ட்ரா அட்டாக் (இரண்டாவது வெட்டு), ஃபயர்பால், கேண்ட்ரிப்பின் (ஸ்லாட் செலவில்லாத ஸ்பெல்) இரண்டாவது பகடை எல்லாம் வந்து சேரும் இடம் அது. கிளாஸ் சாய்ந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

கேள்வி: ரத்தமும் நீர்தானே? நீர் மந்திரவாதி எதிரியின் ரத்தத்தைக் கட்டுப்படுத்தலாமா?

பதில்: கூடாது. உயிருள்ள உடலுக்குள் இருக்கும் பூதத்தை இந்த கிளாஸ் தொட முடியாது என்று விதியிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். தண்ணீர் வரவழைக்கும் ஸ்பெல்லில்கூடத் தண்ணீர் திறந்த பாத்திரத்தில் வரும், இல்லாவிட்டால் மழையாகப் பெய்யும் என்று கவனமாக எழுதியிருக்கிறார்கள். எந்த எதிரியையும் ஒரே வழியில் கொல்லலாம் என்று ஆகிவிட்டால், நீங்கள் உழைத்து எழுதிய மற்ற ஸ்பெல்களை யாரும் எடுக்க மாட்டார்கள்.

கேள்வி: ஹிட் டை (உயிர்ப்புள்ளிக்கான பகடை) எது வைக்கலாம்?

பதில்: டி8.

கேள்வி: ஸ்பெல் ஸ்லாட் பிடிக்கவில்லை. புள்ளிகள் வைத்து எழுதலாமா?

பதில்: எழுதலாம், ஆனால் 2014 மங்க் (துறவி வீரர்) கிளாஸின் நான்கு பூத வழியைப் படித்துவிட்டு எழுதுங்கள். 3ஆம் லெவல் மங்குக்கு மூன்று கி புள்ளி. பர்னிங் ஹேண்ட்ஸ் ஒரு முறை போட்டால் இரண்டு போய்விடும். மங்கின் ஃபிளரி ஆஃப் ப்ளோஸ் என்ற கூடுதல் குத்துகளுக்கும் அதே கிதான். ஃபயர்பால் விசார்டுக்கு 5ஆம் லெவலில் வரும், இவருக்கு 11இல் வரும், அதுவும் நான்கு கி கொடுத்து. ஆசைப்பட்டு எடுத்த பூதத்தை ஆட்டக்காரர் பயன்படுத்தவே தயங்குவார். புள்ளி வைத்தால் அது பூதத்துக்கு மட்டுமே செலவாகும் புள்ளியாக இருக்கட்டும்.

கேள்வி: நுரையீரலில் இருக்கும் காற்றை உருவிவிட்டால்?

பதில்: ரத்தத்துக்குச் சொன்னதே இதற்கும்.

கேள்வி: ஆகாயத்தையும் சேர்த்து ஐம்பூதமாக்க ஆசை. ஆகாயம் வெற்றிடம், அதற்கு டேமேஜ் இல்லை, விட்டுவிடு என்கிறான் நண்பன்.

பதில்: கட்டாயம் சேருங்கள். ஆகாயத்தின் குணம் ஓசை. பழைய கணக்கில் ஒவ்வொரு பூதமும் முந்தையதன் குணங்களோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளும். ஆகாயத்துக்கு ஓசை மட்டும். காற்றுக்கு ஓசையோடு ஊறு, அதாவது தொடுவுணர்வு. நெருப்புக்கு ஒளியும் சேரும், நீருக்குச் சுவையும். நிலத்துக்கு நாற்றமும் சேர்ந்து ஐந்து. லெவல் ஏணியே கையில் இருக்கிறது: 1ஆம் லெவலில் ஆகாயம், கடைசியில் நிலம். ஓசைக்குத் தண்டர் டேமேஜ் தயாராக இருக்கிறது.

கேள்வி: அந்த நண்பன் நான்தான். இடி காற்றின் அதிர்வு. தண்டரை ஆகாயத்துக்குக் கொடுத்தால் காற்றுக்கு என்ன மிச்சம்?

பதில்: இயற்பியல்படி நீங்கள் சொல்வது சரி, ஒலி பரவ ஊடகம் வேண்டும். ஆனால் காற்றுக்குத் தனி டேமேஜ் வகையே தேவையில்லை, தள்ளினால் போதும். பள்ளத்தில் விழுந்தால் ஒவ்வொரு 10 அடிக்கும் 1டி6 விதியே அடித்துவிடும். ஆகாயத்தின் இன்னொரு வேலை இடம் தருவது. தோழனும் நீங்களும் இடம் மாறிக்கொள்ளும் சக்தியை நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: தண்டர்வேவ் ஸ்பெல் தண்டர் டேமேஜும் கொடுக்கிறது, 10 அடி தள்ளவும் செய்கிறதே? அப்புறம், நிலம் பிடித்தவர் கடைசி லெவல் வரை காத்திருக்க வேண்டுமா?

பதில்: இரண்டாவது கேள்வியில் என்னைப் பிடித்துவிட்டீர்கள். ஏணி தவறு, திரும்பப் பெறுகிறேன். அதே கணக்கைப் பகடையில் வைப்போம். ஐந்து பூதம், ஐந்து பகடை. ஒரே குணமுள்ள ஆகாயத்துக்கு டி12, காற்றுக்கு டி10, நெருப்புக்கு டி8, நீருக்கு டி6, நிலத்துக்கு டி4. குணம் கூடக் கூடப் பகடை சிறுக்கும். நிலம் மெல்லத்தான் அடிக்கும், ஆனால் ஐந்து வேலை செய்யும். 1ஆம் லெவலிலேயே யாரும் எதையும் எடுக்கலாம். தண்டர்வேவை ஆகாயம், காற்று இரண்டும் தெரிந்தவருக்கு மட்டும் கொடுங்கள். நீங்கள் மறுத்துப் பேசாமல் இருந்திருந்தால் இந்தப் பகடை வரிசை எனக்குத் தோன்றியிருக்காது.

கேள்வி: எதிரியின் வயிற்றுக்குள் கல்லை...

பதில்: உடலுக்குள் எதுவும் வேண்டாம். ரத்தம், நுரையீரல் கேள்விகளுக்கான பதிலை மேலே படியுங்கள்.

கேள்வி: நெருப்பு மட்டும் தெரிந்தவர், நெருப்பே சுடாத டெவில் முன்னால் என்ன செய்வார்? இம்யூனிட்டியைத் தாண்டும் சக்தி தரலாமா?

பதில்: ரெசிஸ்டன்ஸை (டேமேஜ் பாதியாவது) தாண்டலாம். எலிமென்டல் அடெப்ட் ஃபீட் (விருப்பத் திறன்) அதைத்தான் செய்கிறது, அதுவும் இம்யூனிட்டியைத் தொடுவதில்லை. அந்த எல்லையை நீங்களும் மதியுங்கள். நெருப்பால் டேமேஜ் இல்லாத ஒரு வேலையையும் அவருக்குக் கொடுங்கள்: புகைத்திரை, வெளிச்சம், கயிற்றை எரித்துப் பாலத்தை அறுப்பது. டெவிலை எரிக்க முடியாது, அது நிற்கும் பாலத்தை எரிக்கலாம்.

கேள்வி: பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு ஆட்டத்துக்கு இதையே மாற்றி எழுதித் தருவீர்களா?

பதில்: அதில் கைனெடிசிஸ்ட் என்ற பூத கிளாஸ் ஏற்கெனவே இருக்கிறது. முதலில் அதை ஆடிப் பாருங்கள்.

கேள்வி: 4டி8 கேட்டது நான்தான். ஸ்லாட்டுகளை எடுத்துவிட்டேன். அடி தானாகவே பட்டுவிடும், உருட்ட வேண்டாம் என்று வைத்திருக்கிறேன். இப்போது சரியா?

பதில்: உருட்டச் செய்யுங்கள். உருட்டலில் +7 கூட்டி ஏசி (எதிரியின் காப்பு எண்) 15ஐ அடித்தால் 65 சதவீதம் படும். கிரிட்டிகலை (20 விழுந்தால் பகடை இரட்டிப்பது) விட்டுப் பார்த்தால் ஃபைட்டரின் 22 உண்மையில் 14தான், உங்கள் 18 ஏறக்குறைய 12 ஆகும். உருட்டாவிட்டால் 18 முழுதாக விழும், ஃபைட்டர் ஆடுகிறவர் வருந்துவார். உருட்டலைச் சேர்த்து 5ஆம் லெவலில் மூன்று சண்டை ஆடிவிட்டு, எண்களோடு வாருங்கள். உட்கார்ந்து பார்ப்போம்.