ஏ கிரேட் முட்டை வாங்கியும் அவித்தால் ஓடு ஒட்டிக்கொள்கிறதே, முட்டை பழசா?

தாப்பா பக்கம் தோட்டத்தில் இருக்கிறீர்கள், இரவுச் சந்தையில் ஏ கிரேட் பார்த்து ஒரு தட்டு வாங்கியும் உரிக்கும்போது வெள்ளைக்கரு பிய்ந்து ஓட்டோடு வருகிறது என்கிறீர்கள். முட்டை பழசாகியிருந்தால் அப்படி ஒட்டாது. உங்களுடையது பெரும்பாலும் ரொம்பப் புது முட்டை.

ஏ கிரேட் என்பதை நம்பி ஏமாற வேண்டாம். மலேசியாவில் அது எடையை மட்டும்தான் சொல்கிறது: ஏ 65 முதல் 70 கிராமுக்குள், பி 60 முதல் 65, சி 55 முதல் 60. கோழி என்றைக்கு இட்டது என்பதற்கும் அந்த எழுத்துக்கும் சம்பந்தமே இல்லை.

புது முட்டையின் வெள்ளைக்கருவில் கரியமில வாயு கரைந்திருக்கும். நாளாக ஆக அது ஓட்டின் நுண்துளை வழியே வெளியேறி, வெள்ளைக்கருவில் காரத்தன்மை ஏறும். அப்போதுதான் உள்தோலோடு உள்ள பிடி தளரும். ஈரமும் அதே துளை வழியே போவதால் மொண்ணைப் பக்கத்தில் காற்றறை பெரிதாகிறது. முட்டை புதுசா பழசா என்று பார்க்கும் தண்ணீர்ச் சோதனை இதை வைத்துத்தான்.

ஆழமான பாத்திரத்தில் பச்சைத் தண்ணீர் எடுத்து முட்டையை உள்ளே விடுங்கள். உப்புப் போடாதீர்கள், நல்ல முட்டையும் மிதந்துவிடும். படுத்தால் புதுசு. மொண்ணைப் பக்கம் தூக்கினால் சில நாள் ஆனது. அவிக்க இதுதான் எனக்குப் பிடித்த முட்டை. அடியில் செங்குத்தாக நின்றால் பழசு, சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். மிதந்தால் கெட்டே போயிருக்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் அவிக்காதீர்கள். உடைத்து மோந்து பார்க்காமல் அப்படியே சட்டியில் போடுகிறோம் இல்லையா? நம் ஊர் வெயிலில் வெளியே கிடந்த முட்டை வெகு சீக்கிரம் இந்த நிலைக்கு வந்துவிடும்.

புது முட்டைதான் கையில் இருக்கிறது என்றாலும் வழி உண்டு. தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு முட்டையைக் கரண்டியால் மெதுவாக இறக்குங்கள். பச்சைத் தண்ணீரில் போட்டு மெல்லச் சூடேற்றினால் வெள்ளைக்கரு உள்தோலோடு சேர்ந்தே இறுகும். ஐஸ்பெட்டியில் இருந்து எடுத்ததை இருபது நிமிடம் வெளியே வைத்து விட்டுப் போட்டால் வெடிப்பு குறையும். தீயைக் குறைத்து, சி கிரேட் முட்டைக்கு 7 நிமிடம் என்றால் மஞ்சள் ஒழுகும். 9 நிமிடத்தில் நடுவில் மட்டும் இளக்கம். 11, 12 நிமிடத்தில் முழுதாக வெந்துவிடும். ஏ கிரேட்டுக்கு ஒரு நிமிடம் கூட்டுங்கள், சின்னதாக இருக்கும் கம்பத்துக் கோழி (நாட்டுக்கோழி) முட்டைக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். மேலே கேமரன் மலையில் தண்ணீர் 95 பாகை அளவிலேயே கொதித்துவிடுவதால் அங்கேயும் கொஞ்சம் கூடுதல் நேரம் வேண்டும்.

எடுத்ததும் ஐஸ் தண்ணீரில் பத்து நிமிடம் போட வேண்டும், இதைத் தவிர்க்கவே கூடாது. சூடு உள்ளேயே தங்கிவிட்டால் வெள்ளைக்கருவின் கந்தகமும் மஞ்சளின் இரும்பும் சேர்ந்து மஞ்சளைச் சுற்றிப் பச்சை வளையத்தை உண்டாக்கும். தின்றால் கெடுதல் இல்லை, ஆனால் மஞ்சள் மாவாகிவிடும். உரிக்கும்போது மொண்ணைப் பக்கம் தட்டி, காற்றறையில் விரல் நுழைத்துத் தண்ணீருக்குள்ளேயே உரியுங்கள்.

அரைவேக்காடு முட்டைக்கு மட்டும் தட்டிலேயே புதியதைப் பொறுக்குங்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்களுக்கு அது வேண்டாம். சால்மொனெல்லா கிருமி அந்தச் சூட்டில் முழுதாகச் சாகாது.

வாங்கி வந்ததும் கழுவி வைக்காதீர்கள், ஓட்டின் மேல் உள்ள காப்புப் பூச்சு போய்விடும். மொண்ணைப் பக்கம் மேலே இருக்கும்படி ஐஸ்பெட்டியின் உள் தட்டில் வையுங்கள். கதவில் வைத்தால் திறக்கும்போதெல்லாம் சூடு படும். அவித்ததை ஓட்டோடு ஐஸ்பெட்டியில் ஒரு வாரம் வரை வைக்கலாம்.