யாரும் போகாத மூலைக்கு யார் போகிறார்?

கேள்வி: எங்கள் வீட்டுக் கொல்லையில், துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒரு மூலை பாழாகக் கிடக்கிறது. மாமியார் தவறி 4 வருஷம், அதற்கப்புறம் அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. மாடி கட்டியபோது மிஞ்சிய ரப்பிஸ், பார்த்தீனியம், பட்டுப்போன ஒரு மல்லிகைக் கட்டை, அவ்வளவுதான். (அந்தக் கட்டைக்கு மாமனார் தினமும் காலையில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுகிறார், சொன்னால் கேட்பதில்லை.) எல்லாவற்றையும் வழித்துவிட்டுப் புல்தரை, ரோஜா போட ஆள் பேசிவிட்டோம். வேறு என்ன பூச்செடி வைக்கலாம்?

- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: யாரும் போவதில்லை என்று எழுதிய கையோடு, மாமனார் தினமும் சொம்போடு போகிறார் என்றும் எழுதுகிறீர்கள். அப்படியானால் அவர் உங்கள் கணக்கில் யாரம்மா? கோபமாகத்தான் கேட்கிறேன். இந்த மாதிரிக் கடிதம் எனக்குப் புதிதில்லை, ஒருத்தர் வீட்டில் பழைய பீரோவை எடைக்குப் போடுவார்கள், இன்னொருத்தர் வீட்டில் திண்ணையை இடிப்பார்கள், இப்போது உங்கள் வீட்டில் தோட்டம். எதிலுமே 'அவரிடம் கேட்டோம்' என்று ஒரு வரி இருக்காது, 'சொன்னால் கேட்பதில்லை' மட்டும் தவறாமல் இருக்கும். ஆள் பேசுவதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டாமா? பெற்றவர் இருக்கும் வீட்டில் அவரைக் கேட்காமல் ஒரு செடியைப் பிடுங்குவதும் தப்புதான் என்பது என் கட்சி. உங்கள் கணவரையும் இதைப் படிக்கச் சொல்லுங்கள், இது முதலில் அவர் செய்திருக்க வேண்டிய வேலை.

அது பட்டுப்போனதுதானா என்றாவது பார்த்தீர்களா? தூருக்குப் பக்கத்தில் நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். தோலுக்கு அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. குண்டுமல்லி லேசில் சாகிற செடி இல்லை, விவசாயிகள் வருஷா வருஷம் நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஒரு முழம் விட்டு மொத்தத்தையும் கவாத்து பண்ணுகிறார்கள், பங்குனியில் அரும்பு கட்டிவிடுகிறது.

உங்கள் மூலையில் மண்தான் கெட்டிருக்கும். சிமென்ட்டும் சுண்ணாம்புக் காரையும் கலந்த மண்ணில் வேரால் இரும்புச்சத்தை எடுக்க முடியாது, இலை மஞ்சளாக வெளுக்கும். அதனால் தூரைச் சுற்றி ரப்பிஸைக் கையால் பொறுக்குங்கள், கடப்பாரை படக்கூடாது. செம்மண்ணும் மக்கிய தொழுவுரமும் போடுங்கள், சோப்புத் தண்ணீரை வாழைப் பக்கம் திருப்பிவிடுங்கள். துளிர் வந்தும் வெளுத்தால் உரக்கடையில் அன்னபேதி (இரும்புச்சத்து உள்ள உப்பு) கேட்டு வாங்கி, லிட்டருக்கு 5 கிராம் கரைத்துத் தெளியுங்கள். பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன்னால், மண் ஈரமாக இருக்கும்போது, கையுறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டும். பெரியவரை அதில் கைவைக்க விடாதீர்கள், அரிப்பும் மூச்சிரைப்பும் வரும்.

புல்தரை எதற்கு? மதில் ஓரம் நந்தியாவட்டை, நிழல் விழுகிற பக்கம் கனகாம்பரமும் டிசம்பர் பூவும், நல்ல வெயில் படுகிற இடத்தில் ரோஜா 2 தொட்டி. ஆனால் எது எங்கே என்பதை நானும் சொல்லக்கூடாது, நீங்களும் முடிவு பண்ணக்கூடாது.

சுரண்டிப் பார்த்துப் பச்சை இல்லை என்றாலும் அவர் சரி என்று சொல்லாமல் அந்தக் கட்டையைத் தொடாதீர்கள். வேர்விட்ட மல்லிகைப் பதியன் ஒன்று வாங்கி வந்து, பக்கத்திலேயே ஒரு அடி ஆழத்துக்குக் குழி எடுத்து, அவர் கையாலேயே நட வையுங்கள். நாளைக் காலை அவர் சொம்பை எடுக்கும்போது கூடவே போங்கள். "மாமா, அத்தை இங்கே என்னென்ன வச்சிருந்தாங்க?" என்று கேளுங்கள், கேட்டுவிட்டு அவர் பேசி முடிக்கிற வரைக்கும் நில்லுங்கள். பேசிவைத்த ஆளை அதற்கப்புறம் வரச் சொல்லலாம்.