சீசன் தொடக்கமான ஏப்ரலிலேயே பேஸ்பால் அணி தோற்றுக்கொண்டிருந்தால் ரசிகர் கவலைப்பட வேண்டுமா?

நான் நியூயார்க் மெட்ஸ் ரசிகன். இந்த விஷயத்தில் அனுபவத்துக்குப் பஞ்சமில்லை.

முதலில் கணக்கு. ஐபிஎல்லில் ஓர் அணிக்கு லீக் சுற்றில் 14 ஆட்டங்கள். அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் 162. ஐபிஎல்லின் ஓர் ஆட்டம் இங்கே பதினோரு ஆட்டங்களுக்கு மேல் சமம். எனவே தொடர்ந்து ஐந்து தோல்வி என்றால், சென்னை அணி ஓர் ஆட்டத்தின் முதல் பாதியில் சொதப்பியது மாதிரிதான். மூளைக்கு இது புரிகிறது. ஆனால் பேஸ்பால் கிட்டத்தட்ட தினமும் நடக்கும் ஆட்டம்; தினமும் ராத்திரி தோற்றுவிட்டுத் தூங்கப் போகும் மனதுக்குப் புரிவதில்லை.

2024-இல் மெட்ஸ் முதல் ஐந்து ஆட்டங்களிலும் தோற்றது. அப்புறம் ஏப்ரலில் கொஞ்சம் எழுந்தது, மே மாதத்தில் மறுபடி சரிந்தது. ஜூன் தொடக்கத்தில் 24 வெற்றி, 35 தோல்வி. எங்கள் பேட்டர் பிரான்சிஸ்கோ லிண்டோருக்கு ஏப்ரலில் பேட்டில் பந்தே சரியாகப் படவில்லை. வழக்கமாகத் திட்டித் தீர்க்கும் எங்கள் கூட்டம், ஒரு மாறுதலுக்கு எழுந்து நின்று அவருக்குக் கைதட்டியது. அதே லிண்டோர் அந்த சீசனில் 33 ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடித்தார். செப்டம்பர் 30 அன்று அட்லாண்டாவில் ஒன்பதாவது, அதாவது கடைசி இன்னிங்ஸில் அவர் அடித்த ஹோம் ரன்தான் எங்களை பிளேஆஃபுக்குள் தள்ளியது. டாட்ஜர்ஸ் அணி தடுக்காவிட்டால் உலகத் தொடருக்கே, அதாவது இறுதிச் சுற்றுக்கே போயிருப்போம்.

அடுத்த வருஷம் நேர்மாறு. பேட்டர் யுவான் சோட்டோவை 15 ஆண்டுக்கு 765 மில்லியன் டாலர் பேசிக் கொண்டுவந்தார்கள். ஜூன் 12-ஆம் தேதி 45 வெற்றி, 24 தோல்வி. லீகிலேயே அதைவிட நல்ல கணக்கு யாருக்கும் இல்லை. அன்றைக்கே, முதல் பேஸில் உயரமாக வந்த ஒரு த்ரோவை எட்டிப் பிடிக்கப் போய் பிட்சர் (பந்து வீசுபவர்) கோடாய் செங்காவுக்குத் தொடைத் தசை பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு பிட்சிங்கே ஆட்டம் கண்டது. கடைசியில் 83 வெற்றி, 79 தோல்வி. சின்சினாட்டியும் அதே 83-79தான், ஆனால் நேருக்கு நேர் மோதியதில் அவர்கள் கை ஓங்கியிருந்ததால் பிளேஆஃப் இடம் அவர்களுக்குப் போனது. கடைசி நாள் மியாமியில் ஜெயித்திருந்தால் போதும். ஒரு ரன்கூட எடுக்கவில்லை.

இந்த இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஏப்ரலில் புள்ளிப் பட்டியலை நான் பெரிதாகப் பார்ப்பதில்லை. மாதக் கடைசியில் .210 சராசரியில் (பத்து வாய்ப்பில் சுமார் இரண்டு ஹிட்) இருக்கும் நல்ல பேட்டரைப் பற்றியும் கவலை கிடையாது. 2024-இல் நியூயார்க்கின் இன்னொரு அணியான யாங்கீஸின் ஆரன் ஜட்ஜ் அப்படித்தான் தொடங்கி .322 சராசரியும் 58 ஹோம் ரன்னுமாக முடித்தார். மேலும் ஏப்ரலில் இங்கே குளிர். ஃப்ளோரிடா வெயிலில் பயிற்சி எடுத்துவிட்டு வருகிறவர்களுக்கு விரல் விறைக்கும், குளிர்காற்றில் பந்தும் அவ்வளவு தூரம் போகாது. (ஃப்ளஷிங் பிள்ளையார் கோவில் கேன்டீனில் தோசை சாப்பிட்டுவிட்டுத் தெம்பாக எங்கள் மைதானமான சிட்டி ஃபீல்டுக்குப் போனாலும் மூன்றாவது இன்னிங்ஸில் நடுக்கம் வந்துவிடும்.)

நான் பார்ப்பது பிட்சர்களைத்தான். தொடக்க பிட்சர் ஐந்து இன்னிங்ஸ் தாண்டுகிறாரா, அவருக்குப் பின்னால் வருகிறவர்கள் சும்மா வாக் (தவறான பந்து நான்கு வீசி பேட்டருக்கு இலவசமாக முதல் பேஸ்) கொடுத்துத் தொலைக்கிறார்களா, யாருக்காவது முழங்கை வலியா. முழங்கை என்று செய்தி வந்தால், அணி முதலிடத்தில் இருந்தாலும் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. 1988-இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் முதல் 21 ஆட்டங்களையும் வரிசையாகத் தோற்றது. சீசன் முடிவில் 107 தோல்வி. உங்கள் அணி அந்த மாதிரி என்றால் தாராளமாகக் கவலைப்படுங்கள்.