தமிழ்ப் பெயர்கள் டேட்டாபேஸில் ????? என்று விழுவது ஏன்?

ஃபார்மில் தமிழில் கொடுத்த பெயர் மைஎஸ்கியூஎல் டேபிளில் கேள்விக்குறிகளாகத் தெரிகிறது, எங்கே கோளாறு என்பது கேள்வி.

எதையும் மாற்றும் முன், பெயர் இருக்கும் காலத்தை (column, அதாவது டேபிளின் நெடுவரிசை) ஹெக்ஸ் ஃபங்ஷனில் போட்டு, உள்ளே கிடக்கும் பைட்டுகளைப் பாருங்கள். 'அம்மா' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் புள்ளியும் துணைக்காலும் தனித்தனி என்பதால் ஐந்து குறியீடு, அவற்றைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் 15 பைட். ஹெக்ஸில் 3எஃப் (கேள்விக்குறியின் பைட்) ஐந்து முறை வந்தால் சேமிக்கும்போதே எழுத்து அழிந்துவிட்டது, பேக்கப் இல்லாமல் மீளாது. ஒவ்வொரு மூன்று பைட்டும் இ0 என்று தொடங்கினால் டேட்டா பத்திரம். படிக்கும் கனெக்ஷனின் கேரக்டர் செட்தான் (எழுத்துகளைப் பைட்டாக்கும் முறை) தவறு.

டேபிள், காலம், கனெக்ஷன் மூன்றும் யுடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்கியூஎல்லில் முழு யுடிஎஃப்-8இன் பெயர்) ஆக இருக்க வேண்டும். பலர் மறப்பது கனெக்ஷனை. பிஎச்பியின் பிடிஓ (டேட்டாபேஸ் இணைப்புக் கருவி) என்றால் டிஎஸ்என் (இணைப்பு விவரம்) வரியிலேயே கேரக்டர் செட்டைக் கொடுங்கள். வெறும் யுடிஎஃப்8 போதாதா? மைஎஸ்கியூஎல்லில் அது எழுத்துக்கு 3 பைட்தான் தாங்கும். தமிழ் அதில் அடங்கும். 4 பைட் இமோஜி வந்தால் ஸ்ட்ரிக்ட் மோடில் (தவறான டேட்டாவை ஏற்காத அமைப்பு) 1366 எரர், இல்லையென்றால் இமோஜியிலிருந்து மீதி வாக்கியமே வெட்டுப்படும். இரண்டாவதுதான் ஆபத்து, சத்தமே வராது.

பழைய டேபிளை மாற்றும்போது 'ஸ்பெசிஃபைட் கீ வாஸ் டூ லாங்' என்ற எரர் வரலாம். பழைய இன்னோடிபியில் (மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு இன்ஜின்) இண்டெக்ஸ் வரம்பு 767 பைட். 255 எழுத்து × 4 பைட் அதைத் தாண்டும். எழுத்து எண்ணிக்கையை 191ஆகக் குறையுங்கள், அல்லது மைஎஸ்கியூஎல் 5.7 முதல் என்றால் ரோ ஃபார்மட்டை (வரிகளைச் சேமிக்கும் முறை) டைனமிக் ஆக்குங்கள்.

லத்தீன்1 (மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான கேரக்டர் செட்) என்று அமைத்த காலத்தில் யுடிஎஃப்-8 பைட்டுகள் கிடந்தால் நேரடியாக கன்வெர்ட் செய்யாதீர்கள், இரட்டிப்பாகக் குழம்பும். முதலில் காலத்தை பிளாப் (வெறும் பைட்டுகளுக்கான வகை) ஆக்குங்கள், பிறகு யுடிஎஃப்8எம்பி4.