58 தாண்டி நாலு வருஷம் ஆகிவிட்டது, பி.எஃப். பென்சன் இனி கிடைக்குமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 62. 1998 ஜூன் முதல் 2013 மே வரை கோவையில் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தார். நின்றபோதே பி.எஃப். பணத்தை எடுத்துவிட்டோம். பென்சனுக்கு எழுதிப் போடவே இல்லை. இனி விண்ணப்பிக்கலாமா? தாமதமானதற்குக் கூடுதல் தொகை வருமா?

பதில்: தாராளமாக விண்ணப்பிக்கலாம். பணத்தை எடுத்துவிட்டோமே என்ற கவலை வேண்டாம். நீங்கள் எடுத்தது வைப்பு நிதிக் கணக்கில் இருந்த பணம். முதலாளி செலுத்தும் பங்கிலிருந்து, சம்பளத்தில் 8.33 சதவீதம் 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்துக்குத் தனியாகப் போய்விடும். பத்து ஆண்டு சேவை முடித்தவருக்கு அந்தப் பகுதியை ரொக்கமாகத் தருவதில்லை. மாதாமாதம் பென்சனாகத்தான் தருவார்கள். அம்மாவுக்குப் பதினைந்து ஆண்டு சேவை இருப்பதால் உரிமை அப்படியே இருக்கிறது.

கணக்கு எளிது. 2014 செப்டம்பருக்கு முன் வேலையை விட்டவருக்கு, கடைசி 12 மாதங்களின் சராசரிச் சம்பளத்தை (அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்தது) சேவை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். சராசரி 6,000 என்றால் 6,000 × 15 ÷ 70, அதாவது மாதம் சுமார் 1,286 ரூபாய். வேலையை எப்போது விட்டிருந்தாலும் 58 வயது முடிந்த மறுநாளிலிருந்து பென்சன் உண்டு என்கிறது விதி. ஆக, கடந்த நாலு வருஷத்து நிலுவை 60,000 ரூபாய்க்கு மேல் வர வேண்டும். நீங்கள் தாமதித்த காலத்துக்கு வட்டி கிடையாது.

கூடுதல் தொகை என்று நீங்கள் கேள்விப்பட்டது வேறு ஏற்பாடு. 58-இல் வாங்காமல் ஒத்திவைத்தால் ஆண்டுக்கு 4 சதவீதம் உயரும், அதுவும் 60 வயது வரை மட்டுமே. இரண்டு ஆண்டு ஒத்திவைத்தால் 8.16 சதவீதம், அம்மாவின் தொகையில் மாதம் 105 ரூபாய். அதற்காக விட்டுக்கொடுப்பது 24 மாதப் பென்சன், 30,864 ரூபாய். அது திரும்பி வர இருபத்து நாலரை ஆண்டு ஆகும். இந்தப் பேரம் வேண்டாம். 58 முடிந்த மறுநாளிலிருந்தே பென்சன் வேண்டும் என்று விண்ணப்பத்தோடு எழுதிக் கொடுங்கள்.

நிரப்ப வேண்டியது 10-டி படிவம். ஆதார், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்க நகல், வயதுச் சான்று, அப்பாவும் அம்மாவும் சேர்ந்து எடுத்த புகைப்படம் ஆகியவற்றை இணையுங்கள். வழக்கமாக மில் வழியாகத்தான் அனுப்ப வேண்டும். மில் மூடியிருந்தால் கெஜட்டட் அதிகாரி அல்லது வங்கி மேலாளரிடம் சான்றொப்பம் வாங்கி பி.எஃப். மண்டல அலுவலகத்தில் நேரில் கொடுக்கலாம். யு.ஏ.என். (எத்தனை இடத்தில் வேலை பார்த்தாலும் மாறாத ஒரே பி.எஃப். எண்) வந்தது 2014-இல்தான். அம்மாவிடம் அது இருக்காது. மில்லில் ஆண்டுதோறும் கொடுத்த பி.எஃப். சிலிப்பைத் தேடுங்கள். அதில் உள்ள பி.எஃப். எண்ணில் சாய்கோடுகளுக்கு நடுவே நிறுவன எண்ணும் கடைசியில் அவருடைய எண்ணும் இருக்கும். அது கிடைத்தாலே பாதி வேலை முடிந்தது.

மனு திரும்பி வருவது பெரும்பாலும் பெயரால்தான். பெண்களுக்கு இது கூடுதல் தொல்லை. மில் பதிவேட்டில் தகப்பனார் இன்ஷியல், ஆதாரில் கணவர் இன்ஷியல். ஒரே ஆள் என்று கணினி ஏற்காது. 10-டி கொடுப்பதற்கு முன்பே கூட்டு உறுதிமொழிப் படிவத்தில் (தொழிலாளியும் நிறுவனமும் சேர்ந்து கையெழுத்திடுவது) திருத்தம் கேளுங்கள். பிறந்த தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பதிவேட்டில் வயதை இரண்டு வருஷம் குறைத்து எழுதியிருந்தால் 58 முடியும் நாளும் தள்ளிப்போகும், நிலுவையும் அந்த அளவுக்குக் குறையும். விலகிய தேதி பதிவாகியிருக்கிறதா, சம்பளமில்லாத நாட்கள் எத்தனை காட்டியிருக்கிறார்கள் என்பதும் முக்கியம். அந்த நாட்கள் சேவையில் கழியும். இடையில் வேறு மில்லில் வேலை பார்த்து அங்கே தனி எண் இருந்தால் அதையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

குறையில்லாத மனுவை 20 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. இழுத்தடித்தால் இணையத்தில் புகார் பதியலாம். ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டங்களில் பி.எஃப். குறைதீர் முகாம் நடக்கிறது; ஒப்புகைச் சீட்டோடு அங்கே போங்கள். 10-டி-க்குக் கட்டணம் ஏதும் இல்லை. நிலுவையில் பங்கு கேட்கும் தரகரிடம் ஒரு காகிதம்கூடக் கொடுக்காதீர்கள்.

பென்சன் உத்தரவு வந்ததும் அப்பாவின் பெயரும் பிறந்த தேதியும் அதில் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அம்மாவுக்குப் பின் அவருக்குப் பாதிப் பென்சன் உண்டு, 1,000 ரூபாய்க்குக் குறையாமல். ஆண்டுக்கொரு முறை உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். நவம்பர்தான் என்றில்லை, எந்த மாதம் கொடுத்தாலும் அதிலிருந்து 12 மாதம் செல்லும். கைரேகை பதியவில்லை என்றால் கைப்பேசியில் முகத்தைக் காட்டியே கொடுக்கலாம்.