டிசம்பர் விடுமுறையில் கம்போடியக் கிராமத்தில் மணல் வடிகட்டி வைக்கப் போகிறோம். எவற்றைக் கவனிக்க வேண்டும்?

சிங்கப்பூரிலிருந்து 10 நாள் பயணமாகப் போய், வீடுகளுக்குக் கான்கிரீட் மணல் வடிகட்டி செய்து தரப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். முதலில் நாள் கணக்கைப் பாருங்கள். மணலின் மேற்பரப்பில் நுண்ணுயிர்கள் சேர்ந்து உண்டாக்கும் உயிர்ப்படலம்தான் கிருமிகளைப் பெரும்பாலும் அழிக்கிறது. அது முழுதாக வளர 30 நாள் வரை ஆகும். அதற்குள் உங்கள் தொண்டூழியர்கள் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் வந்து இறங்கியிருப்பார்கள். அதனால், திரட்டும் பணத்தில் ஒரு பங்கை, நீங்கள் கிளம்பிய பிறகு வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் உள்ளூர்க்காரர் ஒருவரின் சம்பளத்துக்கு இப்போதே ஒதுக்கிவிடுங்கள். அதற்காக இரண்டு வடிகட்டிகள் குறைந்தாலும் பரவாயில்லை.

அடுத்தது, எந்த நீரை ஊற்றப் போகிறார்கள் என்பது. மேக்கோங் ஆற்றை ஒட்டிய காண்டால் போன்ற மாநிலங்களில் ஆழமில்லாத அடிபம்புக் கிணறுகள் பலவற்றில் ஆர்செனிக் என்ற நச்சு இருக்கிறது. அந்த நீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். இந்த வடிகட்டி ஆர்செனிக்கை நீக்காது, கொதிக்க வைத்தாலும் அது போகாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். சோதனைப் பெட்டியோடு போய் ஒவ்வொரு கிணற்றையும் தனித்தனியாகப் பாருங்கள். பக்கத்துக் கிணறு நன்றாக இருப்பது எதற்கும் சான்றாகாது. பெட்டியிலுள்ள சோதனைத் தாளில் மஞ்சளோ பழுப்போ ஏறினால், அந்த நிறத்தை வண்ண அட்டையோடு ஒப்பிட்டு அளவைப் பாருங்கள். வரம்பைத் தாண்டிய கிணற்று நீர் துணி துவைக்க மட்டும். குடிக்க மழைநீரையும் குளத்து நீரையும் வடிகட்டலாம்.

டிசம்பரில் குளம் நிறைந்திருக்கும். ஏப்ரலில் எங்கே நீர் எடுக்கிறார்கள் என்று வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். நீர் ஆதாரம் மாறினால் உயிர்ப்படலம் மறுபடி பழகும் வரை வடிகட்டும் திறன் குறையும். கலங்கல் நீரைப் பானையில் தெளிய வைத்து, துணியில் வடித்த பிறகே ஊற்ற வேண்டும்.

வேலை பெரும்பாலும் கெடுவது மணலில்தான். கடற்கரை மணல் வேண்டாம், உப்பு இருக்கும். ஆற்று மணலில் அழுக்கும் கிருமியும் சேர்ந்திருக்கும். குவாரியில் கல்லை உடைத்துக் கிடைக்கும் மணலே நல்லது. 0.7 மில்லிமீட்டர் சல்லடையில் விழுவது வடிகட்டும் மணல், 0.7 முதல் 6 வரை நடு அடுக்கு. 6 முதல் 12 வரை அடி ஜல்லி. அடியில் இரண்டு அடுக்கும் தலா 5 சென்டிமீட்டர், மேலே மணல் ஏறக்குறைய 55. பெட்டியில் முதலில் நீரை விட்டு, அதற்குள்தான் மணலைக் கொட்ட வேண்டும். காய்ந்த மணலில் நீரை ஊற்றினால் காற்று சிக்கிக்கொண்டு ஓட்டத்தைத் தடுக்கும். நிரப்பிய பிறகு நகர்த்தக் கூடாது, மணல் இறுகிவிடும். அங்கே வீடுகள் தூண்மேல் நிற்பவை. எனவே தரைத்தளத்தில் நிழலான சம இடத்தை முதலிலேயே பார்த்து வையுங்கள்.

மணலை அளவோடு கழுவுங்கள். அதிகம் கழுவினால் நுண்துகள் போய் நீர் வேகமாக ஓடும், குறைவாகக் கழுவினால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். 12 லிட்டர் மேற்தொட்டி கொண்ட வடிவமைப்பில் சோதனை எளிது: தொட்டி நிறைய ஊற்றியதும் 1 லிட்டர் வடிய குறைந்தது இரண்டரை நிமிடம் ஆக வேண்டும். அதற்கு முன்பே வடிந்தால் மணலை எடுத்துவிட்டு, குறைவாகக் கழுவிய மணலைப் போடுங்கள். ஓட்டம் நின்ற பின் மணலுக்கு மேல் 5 சென்டிமீட்டர் நீர் நிற்க வேண்டும். வெளிக்குழாயில் ரப்பர் குழாய் மாட்டி நீட்டினால் உள்ளிருக்கும் நீர் முழுவதும் உறிஞ்சப்பட்டு, உயிர்ப்படலம் காய்ந்து செத்துவிடும். மணலுக்கு மேலே, நீரைச் சிதறி மெதுவாக விழவைக்கும் துளைத்தட்டு இல்லாமல் ஊற்றினாலும் மணல் குழிந்து படலம் கலையும். இந்த இரண்டையும் வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் கெமர் மொழியில் படம் போட்டுக் காட்டுங்கள்.

வடித்த நீரில் குளோரின் சேர்ப்பதை விடவே கூடாது. முதல் மாதத்தில் அது கட்டாயம். வாசனை சேர்க்காத 5 விழுக்காடு பிளீச் (குளோரின் கொண்ட வெளுப்புத் திரவம்) என்றால் 20 லிட்டருக்கு 0.8 மில்லிலிட்டர், அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். வெயிலில் பிளீச்சின் வீரியம் குறையும் என்பதால் அங்கேயே புதிதாக வாங்குங்கள். வடிகட்டியின் மேலே குளோரினை ஊற்றக் கூடாது, உயிர்ப்படலமே அழியும். சேமிக்க, குழாய் வைத்த மூடிய கொள்கலன் கொடுங்கள். திறந்த வாளியில் குவளையை முக்கி எடுத்தால் கையிலிருக்கும் கிருமி மறுபடி நீரில் சேரும். நிதி திரட்டும்போது பலரும் மறக்கும் செலவு இந்தக் கொள்கலன்.

உள்ளூர் ஆளுக்கு ஒரு அட்டை அடித்துக் கொடுங்கள்: நிற்கும் நீரின் உயரம், 1 லிட்டருக்கு ஆகும் நேரம், கடைசியாக எப்போது ஊற்றினார்கள் (48 மணி நேரத்துக்கு மேல் சும்மா விடக் கூடாது), கொள்கலன் சுத்தம். ஓட்டம் மிகவும் குறைந்திருந்தால் துளைத்தட்டை எடுத்து, நிற்கும் நீரைக் கையால் மெதுவாகச் சுழற்றி, கலங்கிய நீரை மட்டும் மொண்டு வெளியே ஊற்றச் சொல்லுங்கள். படலம் திரும்ப வளரும் வரை அந்த வீடு குளோரினை விடாமல் சேர்க்கிறதா என்று அடுத்த வாரமே பார்க்க வேண்டும்.