ரத்தம் ரோஸ் கலரில் தெரிந்தால்

உங்கள் பேய்க் குறும்படத்தில் ரத்தம் ரோஸாகத் தெரிகிறது என்று கேட்டிருந்தீர்கள். தண்ணீரில் சிவப்புச் சாயம் மட்டும் கலந்தால் அப்படித்தான், வெளிச்சம் ஊடுருவிவிடும். ஒரு கப் கார்ன் சிரப் (மக்காச்சோளப் பாகு), ஒரு மேசைக்கரண்டி சிவப்பு ஃபுட் கலர், ஒரு தேக்கரண்டி கோகோ பவுடர் போதும். கோகோவை முதலில் கொஞ்சம் வெந்நீரில் குழைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கட்டி தட்டும். நீலச் சாயம் இரண்டே சொட்டு, கூடினால் ஊதாவாகிவிடும்.

துணியில் பட்டால் கறை போவது கஷ்டம். அதனால் ஒரே மாதிரி மூன்று சட்டையாவது எடுத்து வையுங்கள், இரண்டாவது டேக்கில்தான் அதன் அருமை தெரியும்! முகத்தில் பூசுமுன் முழங்கை மடிப்பில் தடவிப் பாருங்கள்.

கறுப்பு வெள்ளையில் எடுப்பதானால் இந்தப் பாடே வேண்டாம். 1968-இல் வந்த ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ படத்தில் ரத்தமாக ஓடியது சாக்லேட் சிரப்தான்.